உங்களுக்குத் தெரியுமா? கொல்லைப்புறத்துப் பனிக்கால விருந்தாளிகள்

ஐப்பசி அடைமழை தொடங்கினால் கிராமத்து வீட்டில் மூன்று காரியங்கள் நடக்கும். கிணற்றில் தண்ணீர் ஏறும். தொழுவத்துக் கூரை ஒழுகும். கொல்லையில் அதுவரை கேட்காத குரல் ஒன்று கேட்கும். முதல் இரண்டைப் பற்றி வீடே பேசும். மூன்றாவதை யாரும் சட்டை செய்வதில்லை. இந்த வாரம் அந்த மூன்றாவது சங்கதிதான்.

ஆறு மாத வாடகை

பழந்தமிழர் ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்தார்கள். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. மூன்றையும் கூட்டினால் ஆறு மாதம். வடக்கிலிருந்து நம் பக்கம் வலசை வரும் பறவைகள் தங்கிப் போவதும் ஏறக்குறைய இதே ஆறு மாதம்தான். அவசரக்காரர்கள் சிலர் ஆவணி, புரட்டாசியிலேயே வந்து இடம் பிடித்துவிடுவதும் உண்டு.

குளிருக்குப் பயந்தா வருகின்றன?

பாதிதான் சரி. இறகுப் போர்வையோடு பிறந்த பிராணிக்குக் குளிரைவிடப் பசிதான் பெரிய எதிரி. வடக்கே பனி விழுந்தால் புழு பூச்சி மறையும், குளம் உறையும், இரை தேடும் பகல்பொழுதும் சுருங்கும். அதனால்தான் அங்கிருந்து கிளம்பி வருபவற்றில் பூச்சி தின்னும் கூட்டம் அதிகம். விதை பொறுக்கித் தின்பவற்றில் பல, உறைபனியிலும் ஊரைவிட்டு நகராமல் சமாளிக்கின்றன. எப்படிச் சமாளிக்கின்றன என்பது தனிக்கதை. அதற்குப் பிறகு வருகிறேன்.

கடிகாரம் கட்டாத மணிக்காரர்

ஆறுமணிக்குருவி. பெயர் வைத்தவர் யாரோ, நல்ல காது உள்ளவர். விடியலில் ஆறு மணியை ஒட்டி ஒரு முறை, அந்தியில் ஆறு மணியை ஒட்டி ஒரு முறை, இரண்டே அசையில் கணீரென்று சீழ்க்கை அடிக்கும். மற்ற நேரமெல்லாம் இருக்குமிடம் தெரியாது. இந்தியில் இதற்கு 'நவரங்', ஒன்பது நிறத்தான். பச்சை முதுகு, இறக்கையில் நீலம், மஞ்சள் கலந்த பழுப்பு மார்பு, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே மை தீட்டினாற்போல் கறுப்புப் பட்டை. வால் மட்டும் வெட்டிவிட்டதுபோல் குட்டை.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் பனிக்காலம் கழிக்க வருகிறது. பயணம் இரவில். களைத்துப் போய், விளக்கு வெளிச்சத்தில் திசை தடுமாறி, வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிடும். புரட்டாசி, ஐப்பசியில் கூடத்து மூலையிலோ மாடிப்படிக்கு அடியிலோ வண்ணவண்ணமாக ஒரு பறவை பிரமை பிடித்ததுபோல் நின்றால், பெரும்பாலும் அது இவர்தான்.

எங்கள் ஊர் வீட்டில் ஒரு நாள் விடியற்காலை, திண்ணையில் செருப்புகளுக்கு நடுவே நின்றது. பூனை பார்ப்பதற்குள் அம்மா கோழிப் பஞ்சாரத்தைத் தூக்கி வந்து கவிழ்த்து, மேலே பழைய சேலை ஒன்றைப் போர்த்திவிட்டார். பகல் முழுக்கச் சத்தமே இல்லை. செத்துவிட்டதோ என்று எனக்குப் பயம். பொழுது சாயும் நேரத்தில் பஞ்சாரத்தைத் தூக்கியபோது தத்தித் தத்திப் பலாமரத்தடிக்குப் போனது. அங்கே கிடந்த சருகை ஒவ்வொன்றாக அலகால் புரட்டியது. பக்கம் புரட்டிப் படிப்பவரைப் போல அவ்வளவு பொறுமை. நாலாவது இலைக்கு அடியில் ஒரு புழு. விழுங்கிவிட்டு நிமிர்ந்து ஒரு குரல் கொடுத்தது. சுவர்க்கடிகாரத்தைப் பார்க்க உள்ளே ஓடினேன். ஆறாக ஐந்து நிமிடம் இருந்தது.

உங்கள் வீட்டுக்கு வந்தால் பஞ்சாரம் தேடி அலைய வேண்டாம். துளையிட்ட அட்டைப்பெட்டி போதும். இருட்டும் அமைதியும்தான் அதற்கு மருந்து. வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றுவது, சோறு ஊட்டுவது இரண்டும் கூடவே கூடாது. தெளிந்ததும் மரத்தடியில் திறந்துவிடுங்கள்.

சருகு குப்பையல்ல

ஆறுமணிக்குருவிக்கும், செந்தலைப் பூங்குருவிக்கும், இன்னும் சில தரைப்பறவைகளுக்கும் மரத்தடிச் சருகுதான் அடுப்பங்கரை. ஈரச்சருகுக்கு அடியில்தான் மண்புழு, வண்டு, கரையான் எல்லாம். கொல்லையைப் பளிச்சென்று கூட்டிப் பெருக்கித் தீ வைப்பது நமக்குச் சுத்தம். அவற்றுக்கு உலையில் மண். போகிக்கு எரிக்க எவ்வளவோ இருக்கிறது, சருகை விட்டுவிடலாம்.

வெற்றிலைத் தோட்டத்துப் பெயர்

வெற்றிலை பயிரிடும் இடத்துக்குக் கொடிக்கால் என்று பெயர். பனிக்காலத்தில் அந்த நிழலில் நடமாடும் வாலாட்டிக்குக் கொடிக்கால் வாலாட்டி என்றே பெயர். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும். இது ஒன்றுதான் பின்பக்கத்தையே பக்கவாட்டில், இடமும் வலமுமாக ஆட்டும்.

அதே வாசல், அதே இடம்

வாசலில் சாணம் தெளித்துக் கோலம் போட்ட ஈரத்தில் துருதுருவென்று ஓடிப் பூச்சி பொறுக்கும் சாம்பல் வாலாட்டி, இமயமலையிலும் அதற்கு அப்பாலும் உள்ள ஓடைக்கரைகளில் இனப்பெருக்கம் செய்வது. மலை, சமவெளி, ஆறு, நகரம் எல்லாம் தாண்டி வந்து, போன ஆண்டு மேய்ந்த அதே புல்தரையில் இறங்கும் வழக்கம் அதற்கு உண்டு. இத்தனைக்கும் அதன் எடை இருபது கிராம்கூட வராது. நமக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகவே வழிகேட்டுப் போன் போட வேண்டியிருக்கிறது.

வேலியில் ஒரு கசாப்புக்கடை

பழுப்புக் கீச்சானுக்கும் அதே பிடிவாதம். சைபீரியா, மங்கோலியாப் பக்கமிருந்து வந்து, பழகிய வேலியையே தேடிப்பிடிக்கும். வந்த சில நாட்கள் ஓயாமல் கத்தும். இந்த வேலி எனக்குப் பட்டா என்று மற்ற கீச்சான்களுக்கு அறிவிப்பு அது. பார்க்கச் சாதுவாக இருந்தாலும் அலகின் நுனி கொக்கி. பிடித்த வெட்டுக்கிளியை, வண்டை, சில சமயம் ஓணானை முள்ளில் குத்தி வைத்துச் சாவகாசமாகக் கிழித்துத் தின்னும். உங்கள் வேலி முள்ளில் காய்ந்த வெட்டுக்கிளி தொங்கினால், குறும்புக்காரப் பையன்களைத் திட்டாதீர்கள்.

பத்து ரூபாய் நாணயம்

ஒரு பத்து ரூபாய் நாணயத்தை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். முருங்கை மர இலைகளுக்கு நடுவே மறைந்து மறைந்து பூச்சி பிடிக்கும் பச்சைக் கதிர்க்குருவியின் எடை ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த எடையோடுதான் இமயமலையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறது.

வேலிப் புதருக்குள்ளிருந்து நாக்கைத் தட்டுவதுபோல் 'டக், டக்' என்று ஒரே சத்தம் நாள் முழுக்கக் கேட்டால் அது பிளித் நாணல் கதிர்க்குருவி. கல்கத்தா ஆசியச் சங்கத்தின் அருங்காட்சியகப் பொறுப்பாளராக இருந்த எட்வர்ட் பிளித் பெயரைத் தாங்கியது. ரஷ்யா, பின்லாந்துப் பக்கத்துப் பிறப்பு. ஆளைப் பார்க்கவேண்டுமானால் கண் வலிக்கும்வரை காத்திருக்கவேண்டும், அப்படியும் பார்த்துவிடலாம் என்று உத்தரவாதம் தரமாட்டேன்.

கிளுவை வேலி

காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளில் மேய்ச்சல் நிலத்தைச் சுற்றிக் கிளுவை வேலி போடுவது பழைய வழக்கம். வெட்டி நட்ட கொம்பே வேர்விட்டு உயிர்வேலியாகிவிடும். ஆடு மாடு தாண்டாது. முள் அடர்த்தி, அதனால் பூனையும் பருந்தும் எளிதில் கை வைக்க முடியாது. சின்னப் பறவைக்கு இதைவிடப் பாதுகாப்பான படுக்கை ஊரில் இல்லை. கம்பிவேலி போட்டுக் கல்தூண் நட்டால் எல்லை தெளிவாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் கம்பியில் உட்காரலாம், ஒளிய முடியாது.

பனையின் தாடி

பனையின் கழுத்தில் தொங்கும் காய்ந்த ஓலைக்குக் காவோலை என்று பெயர். பனை உழவாரன் என்ற சின்னஞ்சிறு பறவை தன் எச்சிலாலேயே பஞ்சையும் இறகையும் ஓலையின் அடிப்பக்கத்தில் ஒட்டிக் கூடு கட்டும். முட்டையையும் எச்சிலால் ஒட்டிவைக்கும், காற்றில் விழாமலிருக்க. இரவுத் தூக்கமும் அந்த ஓலையைப் பற்றித் தொங்கியபடிதான். ஒற்றைப் பனையை வெட்டினாலும் ஒரு தெருவே காலி.

தோளோடு தோள்

பகலில் தனித்தனிக் கம்பியில் உட்கார்ந்து தேனீ பிடிக்கும் பச்சைப் பஞ்சுருட்டான்கள், இருட்டினால் ஒரே கிளையில் வரிசையாக நெருக்கியடித்து உட்காரும். பத்துப் பஞ்சுருட்டான் சேர்ந்தால் பார்ப்பதற்கு ஒரு பச்சைப் பஞ்சுச்சுருள். நெருக்கத்தில்தான் சூடு.

இந்த நெருக்கத்தின் உச்சத்தைப் பார்க்க இங்கிலாந்து போகவேண்டும். ரென் என்பது பத்து கிராமுக்குள் எடையுள்ள, வால் நிமிர்ந்த ஒரு குட்டிப்பறவை. மற்ற நாட்களில் பக்கத்தில் இன்னொரு ரென் வந்தாலே சண்டைக்குப் போகும். 1969-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் நார்ஃபோக் பகுதியில் ஒரே ஒரு கூட்டுப்பெட்டிக்குள் 61 ரென் அடைந்து படுத்ததை எண்ணியிருக்கிறார்கள். பெட்டி என்றால் பெரிதல்ல, ஒரு குடும்பம் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்க மாட்டிய சின்ன மரப்பெட்டிதான். தீபாவளிக்கு முந்திய இரவு ஊருக்குப் போகும் பேருந்துகூட அதற்கு முன் தோற்றுவிடும்.

ஓர சீட்டு வேண்டாம்

ஐரோப்பாவின் நீள்வால் டிட் குருவிகளும் கிளையில் இப்படித்தான் வரிசை கட்டித் தூங்கும். ஓரத்தில் உட்கார்பவருக்கு ஒருபக்கம் குளிர். ஆகவே ஓரத்திலிருப்பவை நடுவில் நுழையப் பார்க்கும். தூக்கத்துக்கு முன் ஒரு தள்ளுமுள்ளு கட்டாயம்.

இரவில் அணைக்கப்படும் அடுப்பு

வட அமெரிக்கப் பண்ணை வீடுகளைச் சுற்றித் திரியும் கருந்தொப்பிச் சிக்கடிக்கு எடை சுமார் 11 கிராம். வலசை போகாது. குளிர்கால இரவில் தன் உடல் வெப்பத்தைப் பகல் அளவிலிருந்து 10 முதல் 12 டிகிரி செல்சியஸ் வரை தானே குறைத்துக்கொள்ளும். அடுப்பைத் தணித்து வைத்தால் விறகு மிச்சம், அதே கணக்கு. விறகு என்பது பகலில் தின்று சேர்த்த கொழுப்பு. விடிவதற்குள் அது பெரும்பாலும் தீர்ந்துவிடும். மறுநாள் மறுபடியும் முதலிலிருந்து. இலையுதிர் காலத்தில் பட்டை இடுக்குகளில் ஒவ்வொன்றாக ஒளித்துவைத்த விதைகள் இருக்குமிடத்தை அது நெடுநாள் நினைவில் வைத்திருக்கும். சாவியை எங்கே வைத்தோம் என்று தேடும் நாம் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருப்பது நல்லது.

கதவு கீழே

குளிர்நாடுகளில் கூட்டுப்பெட்டி வேறு, குளிர்காலப் படுக்கைப்பெட்டி வேறு. கூட்டுப்பெட்டிக்கு ஓட்டை மேல்பக்கம் இருக்கும். படுக்கைப்பெட்டிக்குக் கீழ்ப்பக்கம். சூடான காற்று மேலே ஏறும் அல்லவா? வாசல் கீழே இருந்தால் பறவைகளின் உடம்புச் சூடு வெளியே போகாமல் கூரையடியில் தங்கும். உள்ளே குறுக்குக் குச்சிகளை மாடிப்படிபோல் வைத்துவிட்டால் உட்கார்ந்து தூங்க வசதி.

வெறுங்காலுக்குக் குளிராதா?

உடம்பெல்லாம் இறகு, கால் மட்டும் வெறுங்கால். காலுக்கு இறங்கும் சூடான ரத்தக்குழாயும், காலிலிருந்து ஏறும் குளிர்ந்த ரத்தக்குழாயும் ஒட்டி ஓடுவதால் இறங்குவதன் சூடு ஏறுவதற்குப் போய்விடும். உடம்புச் சூடு வீணாவதில்லை, கால் உறைந்தும் போவதில்லை. போதாததற்கு ஒரு காலை மடக்கி வயிற்றிறகுக்குள் செருகிக்கொள்ளும். கொக்கு ஒற்றைக்காலில் நிற்பதற்குத் தவம் மட்டுமே காரணமல்ல.

நெற்கதிரும் ஓட்ஸ் கதிரும்

புதுநெல் அறுத்ததும் முதல் கதிர்களைக் குஞ்சமாகப் பின்னி வாசல் உத்திரத்தில் தொங்கவிடும் வழக்கம் நம் ஊர்களில் இருந்தது. இன்னும் சில வீடுகளில், சில கோயில் மண்டபங்களில் இருக்கிறது. மங்கலத்துக்கு மங்கலம், சிட்டுக்குருவிக்குத் தீனி. இதே காட்சியை நார்வே கிராமங்களிலும் பார்க்கலாம். கிறிஸ்துமஸை ஒட்டி, அறுவடையில் எடுத்துவைத்த ஓட்ஸ் கதிர்க்கட்டைக் கம்பத்தில் கட்டி வீட்டு முற்றத்தில் நடுவார்கள், பனியில் இரை கிடைக்காத பறவைகளுக்காக. அதற்கு 'ஜூலெநெக்' என்று பெயர். தஞ்சாவூர்க்காரரும் நார்வேக்காரரும் இதை ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. அறுவடை வீடு என்றால் பறவைக்கும் ஒரு பங்கு என்று இரு பக்கமும் தோன்றியிருக்கிறது.

நம் பக்கம் இப்போது பிளாஸ்டிக் நெற்கதிர்த் தோரணம் வந்துவிட்டது. துடைத்தால் பளபளக்கும். குருவி ஏமாந்து ஒரு முறை கொத்திப் பார்த்திருக்கும்.

தெருவிளக்கை அணைத்த ஊர்

சிட்டுக்குருவி வலசை போகாது. ஓட்டுவீட்டின் கைமரச் சந்து, சாமி படத்தின் பின்பக்கம், மின்மீட்டர்ப் பெட்டி எல்லாம் அதற்குப் படுக்கையறை. கான்கிரீட் வீட்டில் சந்து இல்லை, சந்து இல்லாததால் சிட்டும் இல்லை.

மின்பெட்டி என்றதும் நினைவுக்கு வருகிறது. 2020-இல் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில், தெருவிளக்கு சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு சிறு பறவை கூடு கட்டி முட்டையிட்டுவிட்டது. குஞ்சுகள் பறந்துபோகும்வரை, ஒரு மாதத்துக்கு மேல், ஊர்க்காரர்கள் தெருவிளக்குப் போடாமல் இருட்டில் நடந்தார்கள்.

பட்டாசு வெடிக்காத தீபாவளி

அதே சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூர் அருகே கொள்ளுகுடிப்பட்டி. பக்கத்து வேட்டங்குடிக் கண்மாய்களில் பறவைகள் கூடு கட்டும் பருவம் தீபாவளியோடு மோதும். பறவை மிரண்டு கூட்டைவிட்டு எழுந்தால் முட்டை விழும், குஞ்சு விழும். எனவே அந்த ஊரில் பட்டாசு கிடையாது. கண்மாய்கள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது 1977-இல். வனத்துறை தீபாவளிக்கு இனிப்புப் பொட்டலம் கொடுத்து நன்றி சொல்வது வழக்கம். வாணம் விடக் கை அரிக்கும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதைத் தலைமுறையாகச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று பெற்றவர்களுக்குத் தெரியும்.

கூந்தன்குளம்: முற்றத்தில் நாரை

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டத்தில் கூந்தன்குளம். 1994-இல் சரணாலயம் ஆனது. இங்கே பறவைகளைப் பார்க்கக் காட்டுக்குள் போகவேண்டாம். ஊருக்குள்ளே, வீட்டு முற்றத்து வேம்பிலும் புளியிலும் சங்குவளை நாரைகள் கூடு கட்டும். கூரையிலும் வாசலிலும் எச்சம் வெள்ளையடித்ததுபோல் விழும். மீன்வாடை வேறு. நம்மில் பலர் ஒரே வாரத்தில் கிளையை வெட்டியிருப்போம். கூந்தன்குளத்துக்காரர்கள் பறவை வந்தால் ஊருக்கு நல்லது என்கிறார்கள். கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளை எடுத்து வளர்த்தும் விடுகிறார்கள். எச்சம் கலந்த குளத்துவண்டல் வயலுக்கு உரம்.

இதே குளத்துக்குப் பனிக்காலத்தில் வரித்தலை வாத்துகளும் வருகின்றன. மங்கோலியா, திபெத் பகுதிகளிலிருந்து இமயமலையைத் தாண்டி வரும் இந்த இனத்தில், ஒரு வாத்து 7,290 மீட்டர் உயரத்தில் பறந்ததைக் கருவி பொருத்திப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த உயரத்தில் காற்றில் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதிக்கும் குறைவு. அப்படி வந்தவர் திருநெல்வேலியில் நெல்வயலோரம் புல் மேய்ந்துகொண்டிருப்பார்.

வேடர் தங்கிய ஊர், பறவை தங்கிய ஊர்

வேடந்தாங்கல் என்ற பெயருக்கு வேடர்கள் தங்கிய இடம் என்று பொருள் சொல்வார்கள். அந்த ஊர்க்காரர்களே 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஏரிப்பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுடுவதைத் தடுக்கச் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் போய் உத்தரவு வாங்கினார்கள். காரணம் வெறும் கருணை அல்ல. எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் பாய்ந்த வயலில் விளைச்சல் கூடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு இந்தக் காரணம் கருணையைவிடப் பிடித்திருக்கிறது. வயலோடு கட்டிவைத்த பாசம் சீக்கிரம் அறுந்துபோவதில்லை.

ஒரு பழைய தவறு

'வெளிநாட்டுப் பறவைகள் வேடந்தாங்கலுக்கு வந்து முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன' என்று பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டு வருகிறோம். கூழைக்கடா, சங்குவளை நாரை, நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன் என்று அங்கே கூடு கட்டுபவை எல்லாம் நம் துணைக்கண்டத்துக் குடிமக்கள். சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் வருபவை இங்கே கூடு கட்டுவதில்லை. அவற்றுக்குப் பிறந்தகம் வடக்கு. இங்கே வருவது சாப்பிட்டு, இறகு மாற்றி, உடம்பு தேற்றிக்கொள்ள மட்டும்.

இரண்டு தொழுவத்துக் குருவி

மார்கழி மாலையில் கடைத்தெரு மின்கம்பியில் மணி கோத்ததுபோல் உட்கார்ந்திருக்கும் தகைவிலானைக் கவனித்திருப்பீர்கள். தகைவு என்றால் தடை, இளைப்பு. அது இல்லாதவன் தகைவிலான். பறந்துகொண்டே பூச்சி பிடிக்கும், பறந்தபடியே தண்ணீரும் குடிக்கும். கோடையில் வடக்கே யாரோ ஒருவரின் மாட்டுக்கொட்டகை உத்திரத்தில் மண்கூடு கட்டிப் பிள்ளை வளர்க்கிறது, பனிக்காலத்தில் நம் தொழுவத்து ஈயை வந்து தின்கிறது. அதன் ஆங்கிலப் பெயரே கொட்டகைக் குருவி என்றுதான் பொருள்படும்.

சோளம் தின்னும் வெட்டுக்கிளிக்காரர்

சூறைக்குருவி என்ற சோளப்பட்சி, கிழக்கு ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவிலும் இருந்து பெருங்கூட்டமாக வரும். ரோஜா நிற உடம்பு, கருந்தலை. அந்தியில் கூட்டம் அடையப் போகும்போது வானத்தில் புகை சுழல்வதுபோல் இருக்கும். கதிரில் இறங்கினால் விவசாயிக்கு வயிறு எரியும், நியாயம்தான். ஆனால் சீனாவின் சின்ஜியாங் மேய்ச்சல் நிலங்களில் இதற்கு வீடே கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். வெட்டுக்கிளியை ஒழிக்கப் பூச்சிமருந்தைவிட இது தேவலை என்று கண்டு, கற்களை அடுக்கிக் கூடுகட்ட இடம் அமைத்தார்கள்.

வயலில் ஒரு நாற்காலி

சம்பா வயலில் அங்கங்கே ஆங்கில 'டி' எழுத்துப்போல் நட்டிருக்கும் குச்சிக்குப் பறவைத் தாங்கி என்று பெயர். பகலில் கரிச்சான் உட்கார்ந்து புழுவைப் பார்க்கும். இரவில் கூகை உட்கார்ந்து எலியைப் பார்க்கும். எக்டேருக்கு 40 முதல் 50 குச்சி வைக்கச் சொல்வது வேளாண் பரிந்துரை. செலவு என்று பெரிதாக ஒன்றுமில்லை. கூகை அலறினால் சாவு என்பது ஊர்ப்பேச்சு. எலிக்குச் சாவு என்று திருத்திக்கொண்டால் சரியாகிவிடும்.

வாடகை வீடு

தூக்கணாங்குருவி காலி செய்துவிட்டுப் போன கூட்டைக் கிணற்றுமேட்டிலிருந்து அறுத்து வந்து வரவேற்பறையில் மாட்டுகிறோம். அந்தப் பழைய கூட்டில் வெண்தொண்டைச் சில்லைகள் குடும்பத்தோடு ஒண்டி இரவு தூங்கும், சில சமயம் முட்டையும் இடும். வீடு காலியாகவில்லை, வாடகைக்கு ஆள் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

முருங்கையில் பட்டுப்போன கிளையும் அப்படியே. செம்மார்புக் குக்குறுவான் அதில் வட்டமாகத் துளை போட்டுக் குஞ்சும் பொரிக்கும், இரவில் தூங்கவும் செய்யும். அது விட்டுப்போன பொந்துக்குப் பின்னால் ஆள் வரிசையில் நிற்கும்.

நாரையிடம் சொல்லி அனுப்பியவர்

சத்திமுத்தப் புலவர் நாரையைத் தூது விட்ட பாட்டைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். குளிரில் ஒடுங்கிக் கிடந்த ஏழைப் புலவர், தென்திசைக் குமரிக்குப் போய் வடதிசை திரும்பும் நாரையிடம் மனைவிக்குச் செய்தி சொல்கிறார். பாட்டின் அழகைப் பலர் சொல்லியிருக்கிறார்கள். வலசை போகும் திசையையும் திரும்பும் திசையையும் அவர் பிசகாமல் குறித்திருப்பதைப் பறவை பார்ப்பவர்கள் தனியாக மெச்சுவார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாட்டில் பனிக்கால ஒதுக்கிடம் கிடைக்காமல் நடுங்குவது பறவை அல்ல, மனிதர்தான்.

தீனி போடும் கிராமம்

ராஜஸ்தானில் பலோதி அருகே கீச்சன் என்றொரு கிராமம். 'குர்ஜா' என்று அவர்கள் செல்லமாக அழைக்கும் டெமாய்செல் கொக்குகள் மங்கோலியா, மத்திய ஆசியாவிலிருந்து பனிக்காலத்துக்கு வந்து ஆயிரக்கணக்கில் இறங்கும். அவற்றுக்கென்று மதில் கட்டிய ஒரு திடல் வைத்து, தினமும் தானியம் இறைக்கிறார்கள். காலையில் கூட்டம் கூட்டமாக வந்து, தின்று முடித்துப் போகும். 2025-இல் கீச்சன், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

பொங்கலுக்கு ஒரு கால்மணி நேரம்

2015 முதல் ஒவ்வோர் ஆண்டும் பொங்கலையொட்டி நான்கு நாட்கள் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. காட்டுக்குப் போகவேண்டாம். பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பாதகமில்லை. உங்கள் வாசலிலோ கொல்லையிலோ குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ணில் பட்ட, காதில் விழுந்த பறவைகளை இனவாரியாக எண்ணி, ஈ-பேர்ட் இணையதளத்தில் பதிந்தால் சரி. காக்கையும் கணக்கில் சேரும். அதிகாலை ஆறு மணிக்கு முன்பே போய் நில்லுங்கள். காதையும் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள்.